பெயரின் பின்னால் எழுதப்படும் வரிகள்

இணையத்தில் ஒரு பெயரை வாங்குவது என்பது, அந்தப் பெயரைப் பற்றிப் பிறர் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதிவைக்கும் உரிமையை ஓராண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ பெறுவதாகும். டொமைன் என்று பேச்சில் வழங்கும் களப்பெயர், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இரண்டு மூன்று சொற்களாக மட்டுமே பயனரின் கண்ணில் படுகிறது. அதன் பின்னால் எழுதப்பட்டிருக்கும் விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, அந்த வரிக்குப் பதிவு என்று பெயர், அத்தகைய பதிவுகளை உலகெங்கும் பரப்பிவைத்துக் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஏற்பாட்டுக்குக் களப்பெயர் அமைப்பு, சுருக்கமாக டிஎன்எஸ், என்று பெயர். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் தொலைபேசிக் கையேடு என்று டிஎன்எஸ்ஸை விளக்குவது வழக்கமாகிவிட்டது. தொடங்கிய காலத்துக்கு அந்த விளக்கம் பொருந்தும்; இன்றைக்குப் போதாது, ஏனெனில் ஓரளவு பெரிய நிறுவனம் ஒன்றின் பதிவுகளைப் புரட்டினால், கணினி எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரிகளுக்கு நிகராக, அந்தப் பெயரில் யார் மின்னஞ்சல் அனுப்பலாம், யார் அதற்குச் சான்றிதழ் வழங்கலாம், எந்தச் சாவியை நம்பலாம் என்று அறிவிக்கும் வரிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. முகவரி சொல்வதற்கென்று பிறந்த ஏற்பாடு, பெயருக்கு உரியவர் ஊரறிய விடுக்கும் அறிவிப்புகளின் தொகுப்பாக மெல்ல மாறியிருக்கிறது. பதிவு வகைகளின் வரலாறே இந்த மாற்றத்தின் வரலாறுதான்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்னும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையத்தில் பராமரிக்கப்பட்டன. புதிய கணினியை இணைப்பவர் அந்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. கணினிகள் பெருகியபோது கோப்பு நீண்டது, பெயர்கள் மோதிக்கொண்டன, ஒரே இடத்தில் திருத்தி எல்லோரும் நகலெடுக்கும் முறை தாங்கவில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு வகுத்த மாற்று, 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற எண்களில் வெளியானது. ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகள் எழுதிவைக்கப்படும் ஆவண வரிசையின் பெயர். அதைத் திருத்தி 1987 நவம்பரில் வந்த 1034, 1035 ஆகிய ஆவணங்களே இன்றளவும் அடிப்படையாக நிற்கின்றன. இடையில், 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ்.காம் என்னும் பெயர் பதிவாகி, .காம் என்று முடியும் முதற்பெயர் ஆயிற்று.

மொக்கபெட்ரிஸின் வடிவமைப்பில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. ஒன்று, பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல், ஒவ்வொரு பெயரின் கீழ் உள்ளவற்றையும் அதற்கு உரியவரே எழுதிக்கொள்ளட்டும் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. மற்றொன்று, பெயருக்கு எதிரே முகவரி மட்டுமே வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், ‘வகை’ என்று ஓர் இடத்தை ஒதுக்கி, எந்தச் செய்தியையும் அதில் ஏற்ற வழிவிட்டது. இரண்டாவது முடிவின் வீச்சு அன்றைக்கு யாருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒவ்வொரு பதிவும் ஒரே அமைப்புடையது. முதலில் பெயர், அடுத்து அந்த விடையை எத்தனை நொடிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்னும் ஆயுட்காலம், பிறகு இன்றைக்கு ஏறக்குறைய எப்போதும் ‘இணையம்’ என்றே இருக்கும் வகுப்பு, அதன்பின் வகை, கடைசியில் விடை. முல்லை.காம் என்று ஒரு புத்தகக் கடையின் பெயரைக் கற்பனை செய்துகொண்டால், அதன் மிக எளிய பதிவு, “முல்லை.காம், 3600, இணையம், ஏ வகை, 192.0.2.10” என்று அமையும். ஏ வகை என்பது நான்கு எண்களால் ஆன பழைய தலைமுறை ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்ணை, விடையாகத் தருவது. 3600 என்பது ஒரு மணி நேரம். 192.0.2 என்று தொடங்கும் எண்கள் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை ஆதலால், இந்த எண் யாருடைய கணினியையும் சுட்டாது.

இந்த வரியை உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் கைப்பேசி கண்டுபிடிக்கும் விதம் மேலிருந்து கீழே இறங்குவதாக அமைந்திருக்கிறது. கைப்பேசி நேரடியாகத் தேடுவதில்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனமோ வேறொருவரோ நடத்தும் ரிசால்வர் என்னும் சர்வரிடம் கேட்கிறது. அந்த ரிசால்வர், விடை கையில் இல்லையென்றால், முதலில் வேர் சர்வரை அணுகுகிறது. ஆங்கில எழுத்துகள் ஏ முதல் எம் வரை பெயரிடப்பட்ட 13 வேர் சர்வர் பெயர்கள் உள்ளன. அவற்றை 12 அமைப்புகள் நடத்துகின்றன. ஒவ்வொரு பெயரின் பின்னாலும் பல நாடுகளில் பல கணினிகள் ஒரே முகவரியில் நின்று விடை சொல்கின்றன. வேர் சர்வருக்கு முல்லை.காம் தெரியாது; .காம் என்பதற்குப் பொறுப்பான சர்வர்கள் எவை என்று மட்டும் சொல்லும். அவையும் முழு விடை சொல்லாமல், முல்லை.காம் என்பதற்குப் பொறுப்பான சர்வர்களைக் காட்டிவிட்டு ஒதுங்கும். அங்கே போய்க் கேட்டால்தான் மேற்சொன்ன வரி கிடைக்கும். கிடைத்த விடையை ரிசால்வர் ஒரு மணி நேரம் தன்னிடம் வைத்திருந்து, அதற்குள் கேட்கும் மற்றவர்களுக்கு அலையாமல் கொடுத்துவிடும்.

ஒரு தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபின் ‘மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்று சேவை நிறுவனங்கள் சொல்வதன் பொருளும் இதில் அடங்கியிருக்கிறது. உண்மையில் எதுவும் எங்கும் பரவுவதில்லை; ஏற்கெனவே கேட்டு வைத்துக்கொண்டவர்களின் நினைவில் பழைய விடையின் ஆயுள் தீரக் காத்திருப்பதுதான் நடக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் இடம் மாறுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆயுட்காலத்தை 300 நொடிகளுக்குக் குறைத்துவிட்டு, மாறி முடிந்தபின் மீண்டும் கூட்டிவிடுவார்கள். மாறிய பிறகு குறைப்பது வீண்வேலை.

ஏ வகைக்கு இணையாகப் புதிய தலைமுறை முகவரிகளுக்கு ஏஏஏஏ வகை இருக்கிறது. பழைய முகவரியின் நீளம் 32 பிட், புதியதன் நீளம் 128 பிட், அதாவது நான்கு மடங்கு. நான்கு ஏ எழுத்துகள் வந்த காரணம் அவ்வளவுதான். சுமார் 430 கோடியோடு முடிந்துவிடும் பழைய முகவரிகளின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதால், ஒரே பெயருக்கு இரண்டு வகைப் பதிவுகளையும் எழுதிவைப்பது இன்று இயல்பான நடைமுறை.

சற்று நின்று பார்க்க வேண்டியது சிநேம் வகை. “இந்தப் பெயர் இன்னொரு பெயரின் மறுபெயர், விடையை அங்கே போய்க் கேள்” என்பது இதன் பொருள். புத்தகக் கடை தன் விற்பனைப் பக்கத்தைச் சொந்த சர்வரில் நடத்தாமல் வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் நடத்தினால், கடை.முல்லை.காம் என்னும் பெயரை அந்த நிறுவனம் கொடுத்த பெயருக்கு மறுபெயராக எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாம். அந்த நிறுவனம் தன் கணினிகளின் எண்களை எத்தனை முறை மாற்றினாலும் கடைக்காரர் எதையும் தொடவேண்டியதில்லை. இந்த வசதிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: மறுபெயராக எழுதப்பட்ட பெயருக்கு வேறு எந்தப் பதிவும் இருக்கக்கூடாது. முல்லை.காம் என்னும் தலைப்பெயருக்குப் பொறுப்பு சர்வர்களைச் சொல்லும் பதிவுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பதால், தலைப்பெயரை மறுபெயராக்க இயலாது. புதிதாகத் தளம் அமைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் முதற்சுவர் இதுதான். சில டிஎன்எஸ் நிறுவனங்கள், மறுபெயரைத் தாங்களே உள்ளுக்குள் தேடிப்போய்க் கிடைத்த எண்ணை ஏ பதிவுபோலக் காட்டும் உத்தியால் இதைச் சமாளிக்கின்றன.

சிநேம் வகையின் ஆபத்து மறதியில் இருக்கிறது. கடைக்காரர் ஒருநாள் வெளி நிறுவனத்தின் சேவையை நிறுத்திவிட்டுப் பதிவை அழிக்க மறந்துவிட்டால், கடை.முல்லை.காம் என்னும் பெயர் யாருமற்ற ஓரிடத்தைச் சுட்டியபடி கிடக்கும். அதே நிறுவனத்தில் வேறொருவர் கணக்குத் தொடங்கி அந்த இடத்தைக் கேட்டுப் பெற முடியுமானால், முல்லை.காம் என்பதன் நற்பெயரில் அவர் தன் பக்கத்தை நடத்தலாம். கடவுச்சொல் கேட்கும் போலிப் பக்கமாகவும் அது இருக்கலாம். பெரிய நிறுவனங்களின் துணைப்பெயர்களே இப்படிக் கைமாறியது உண்டு. பதிவை எழுதுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது அழிப்பதில் காட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்வது என்எஸ் வகை. முல்லை.காம் பற்றிய விடைகளுக்கு உரிய சர்வர்கள் இவை என்று .காம் சர்வர்களில் எழுதப்பட்டிருக்கும் வரிகள் என்எஸ் பதிவுகள். பெயரை விற்கும் முகவர் நிறுவனத்தின் பக்கத்தில் ‘நேம் சர்வர்’ என்று கேட்கப்படும் கட்டங்களில் நிரப்புவது இவற்றைத்தான். அந்தச் சர்வரின் பெயரே முல்லை.காம் என்பதன் கீழ் இருந்தால், அதன் முகவரியைக் கேட்க அதனிடமே போகவேண்டிய சிக்கல் எழும் என்பதால், மேலே உள்ள .காம் சர்வர் அந்த முகவரியையும் சேர்த்தே சொல்லிவிடும். அதோடு, ஒவ்வொரு மண்டலத்தின், அதாவது ஒரே பொறுப்பில் எழுதப்படும் பதிவுத் தொகுப்பின், தலையில் எஸ்ஓஏ என்னும் ஒரே ஒரு பதிவு இருக்கும். முதன்மைச் சர்வர் எது, பொறுப்பாளரின் மின்னஞ்சல் எது, துணைச் சர்வர்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பனவற்றை அது சொல்லும். அதிலுள்ள வரிசை எண்ணுக்குத் தேதியைப் பயன்படுத்துவது மரபு. பதிவுகளைத் திருத்திவிட்டு இந்த எண்ணைக் கூட்ட மறந்தால், துணைச் சர்வர்கள் எதுவும் மாறவில்லை என்று எண்ணிப் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். கோப்பைக் கையால் திருத்தியவர்களில் இதில் ஒருமுறையாவது அகப்படாதவர் அரிது.

பதிவுகள் சரியாக இருந்தும் அவற்றைச் சொல்ல வேண்டிய சர்வரை அடைய முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையங்களோடு பேச முடியாவிட்டால் தாங்கள் பழுதுபட்டிருப்பதாகக் கருதி, தங்களை அடையும் வழியை இணையத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன, அப்படியே செய்தன. சர்வர்கள் இயங்கிக்கொண்டிருந்தன, பதிவுகள் பழுதின்றி இருந்தன, ஆனால் அவற்றுக்குப் போகும் பாதை இல்லை. ரிசால்வர்களின் நினைவில் இருந்த பழைய விடைகளின் ஆயுள் தீர்ந்ததும், ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் காணாமற்போயின. விடை கிடைக்காத செயலிகள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டதால், பொது ரிசால்வர் நடத்தும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வழக்கத்தைப்போல் 30 மடங்கு கேள்விகள் வந்ததாகப் பதிவுசெய்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 6 அன்று இலங்கையில் நடந்தது வேறு விதமானது. .எல்கே என்று முடியும் பெயர்களை நிர்வகிக்கும் பதிவகத்தின் அமைப்புக்குள் நுழைந்தவர்கள், கூகிளின் இலங்கைப் பெயர் உட்படச் சில பெயர்களின் டிஎன்எஸ் பதிவுகளை மாற்றி எழுதினர். அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்களுக்குத் தேயிலைத் தொழிலின் நிலை, ஊடகச் சுதந்திரம், சிறுபான்மையினர் சிக்கல் முதலியவற்றைப் பேசும் ஒரு பக்கம் வந்து நின்றது. கூகிளின் கணினிகள் எதையும் யாரும் தொடவில்லை. மேல்மட்டத்தில் சில வரிகளை மாற்ற முடிந்தவருக்குக் கீழ்மட்டத்தில் எதையும் உடைக்கத் தேவையில்லை. இதைவிட அமைதியாக நடப்பவை இன்னும் கெடுதலானவை: 2019 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை, அரசு அலுவலகங்கள் தங்கள் டிஎன்எஸ் பதிவுகளைப் பத்து வேலைநாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும் என்று அவசர உத்தரவு பிறப்பித்ததற்குக் காரணம், பதிவுகளை மாற்றிப் போக்குவரத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டவர்கள், அந்தப் பெயர்களுக்கு முறையான பாதுகாப்புச் சான்றிதழ்களையே வாங்கிவிட்டனர் என்பதாகும். பெயருக்கு உரியவர் யார் என்று சான்றிதழ் நிறுவனங்கள் சோதிப்பதே, ‘இந்தப் பெயரின் கீழ் நாங்கள் சொல்லும் வரியை எழுதிக் காட்டு’ என்று கேட்டுத்தானே.

மின்னஞ்சலுக்கு வரும்போது பதிவுகளின் இயல்பு மாறியது தெளிவாகத் தெரிகிறது. ஒரு பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கும் கணினி, அந்தப் பெயரின் இணையதளத்தை நடத்தும் கணினியாக இருக்கவேண்டியதில்லை. 1986 ஜனவரியில் விளக்கப்பட்ட எம்எக்ஸ் வகை இந்த இரண்டையும் பிரித்தது. முல்லை.காம் என்பதற்கு 10 என்னும் எண்ணுடன் ஒரு சர்வரும் 20 என்னும் எண்ணுடன் இன்னொரு சர்வரும் எழுதப்பட்டிருந்தால், அனுப்புபவர் சிறிய எண்ணை முதலில் முயன்று, அது கிடைக்காதபோதே பெரிய எண்ணுக்குப் போகவேண்டும். எண்ணின் அளவு முக்கியமன்று, வரிசைதான் முக்கியம். கடிதமே வாங்காத பெயர்கள், விடையின் இடத்தில் வெறும் புள்ளி ஒன்றை வைத்து அதையும் அறிவிக்கலாம்.

எம்எக்ஸ் வரவுக்கு மட்டுமே வழிசொன்னது. அனுப்புபவர் யார் என்பது பற்றி டிஎன்எஸ் நெடுங்காலம் எதுவும் சொல்லவில்லை. மின்னஞ்சலின் ‘அனுப்புநர்’ கட்டத்தில் யாருடைய முகவரியையும் யாரும் எழுதலாம் என்பது குப்பைக் கடிதக்காரர்களுக்கும் வங்கியின் பெயரில் ஏமாற்றுபவர்களுக்கும் வாய்த்த வரம். இதற்கு மாற்று தேடியவர்கள் கையிலெடுத்தது டெக்ஸ்ட் என்னும் பழைய வகை. மனிதர் படிக்கும் குறிப்பு எதையாவது எழுதிவைக்க உண்டாக்கப்பட்ட இந்த வகைக்கு இலக்கணம் எதுவும் இல்லாததே அதன் வலிமையாயிற்று.

எஸ்பிஎஃப் என்னும் முறையில், பெயருக்கு உரியவர் ஒரு டெக்ஸ்ட் பதிவை இப்படி எழுதுகிறார்: “வி=எஸ்பிஎஃப்1 எம்எக்ஸ் ஐபி4:192.0.2.10 -ஆல்”. சர்வரில் இது ஆங்கில எழுத்துகளிலேயே இருக்கும். முதற்பகுதி, இது எஸ்பிஎஃப் அறிவிப்பு என்று சொல்கிறது. அடுத்தது, கடிதம் வாங்கும் சர்வர்களே அனுப்பவும் செய்யலாம் என்கிறது. மூன்றாவது, இந்த முகவரியிலிருந்தும் அனுப்பலாம் என்கிறது. கடைசிச் சொல்லும் அதன் முன்னுள்ள கழித்தல் குறியும், மற்ற எவரிடமிருந்து வந்தாலும் ஏற்காதே என்கின்றன. கழித்தலுக்குப் பதில் அலைக்கோடு இருந்தால் ‘சந்தேகப்படு’ என்று பொருள் தளர்ந்துவிடும். இந்த ஒரு வரியைச் சரிபார்க்கையில் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்படக்கூடாது என்றும் விதி இருக்கிறது. செய்திமடலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று என வெளி நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் அலுவலகங்கள் இந்த எல்லையைத் தாண்டியதே தெரியாமல், தம் கடிதங்கள் ஏன் குப்பைப் பெட்டிக்குப் போகின்றன என்று விழிப்பது உண்டு. எஸ்பிஎஃப்புக்கென்றே 2006இல் தனி வகை ஒன்றும் உருவாக்கப்பட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தாததால் 2014இல் கைவிடப்பட்டது. புதிய வகையைப் புழக்கத்துக்குக் கொண்டுவர உலகின் எல்லா மென்பொருள்களும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் மாறவேண்டும். டெக்ஸ்ட் பதிவோ ஏற்கெனவே எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. அழகான தீர்வு தோற்று, கைக்கெட்டிய தீர்வு வென்ற இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது முறையான டிகிம், கடிதத்துக்குக் கையெழுத்திடுவது. அனுப்பும் சர்வர் இரகசியச் சாவியால் கையெழுத்தைச் சேர்க்கிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி, அடிக்கோட்டில் தொடங்கும் சொல் இடம்பெறும் தனித் துணைப்பெயர் ஒன்றின் டெக்ஸ்ட் பதிவில் எழுதப்பட்டிருக்கும். டெக்ஸ்ட் பதிவுக்குள் ஒரு துண்டு 255 பைட்டுக்கு மேல் நீளக்கூடாது என்பதால் நீண்ட சாவிகளைப் பிரித்து எழுதவேண்டும். ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டாலும் கையெழுத்து செல்லாது. மூன்றாவதான டிமார்க், முதல் இரண்டும் பொய்த்துப்போன கடிதத்தை என்ன செய்வது என்று அறிவிக்கிறது: எதுவும் செய்யாதே, ஒதுக்கி வை, திருப்பி விடு ஆகிய மூன்றில் ஒன்றை உரியவர் தேர்ந்து எழுதலாம், யார் தன் பெயரில் கடிதம் அனுப்பினார்கள் என்னும் அறிக்கையைத் தனக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். எடுத்தவுடன் ‘திருப்பி விடு’ என்று எழுதுவதைவிட, சில வாரங்கள் அறிக்கைகளை மட்டும் வாங்கிப் படித்துவிட்டுக் கடுமையைக் கூட்டுவதே அறிவுடைமை. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேற்பட்ட கடிதங்கள் அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகிள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அவ்வாறே செய்தது. அதுவரை விருப்பமாக இருந்த டெக்ஸ்ட் வரிகள், அன்றுமுதல் பெருமளவில் கடிதம் அனுப்புபவருக்கு நுழைவுச்சீட்டு ஆயின.

கடிதம் வாங்கும் சர்வர்கள் இவற்றோடு பிடிஆர் என்னும் வகையையும் பார்க்கின்றன. மற்றவை பெயரிலிருந்து எண்ணுக்குப் போக, இது எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்புகிறது. பெயர்களில் பெரிய பிரிவு வலப்புறத்தில் இருக்கிறது, ஐ.பி. முகவரியிலோ இடப்புறத்தில் இருக்கிறது, எனவே 192.0.2.10 என்னும் எண்ணை 10.2.0.192 என்று திருப்பி, அதன் பின்னே இன்-ஆடர்.ஆர்ப்பா என்னும் தனிப்பெயரைச் சேர்த்துத் தேடுவார்கள். ஆர்ப்பாநெட்டின் எச்சமாக அந்த ‘ஆர்ப்பா’ இன்றும் ஒவ்வொரு நாளும் கேட்கப்படுகிறது. இந்தப் பதிவைப் பெயருக்கு உரியவர் எழுத முடியாது, எண்ணுக்கு உரிய இணைய நிறுவனம்தான் எழுதவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சான்றிதழ்களைப் பற்றிய அறிவிப்பு சிஏஏ வகையில் எழுதப்படுகிறது. ‘எங்கள் பெயருக்கு இன்ன நிறுவனம் மட்டுமே சான்றிதழ் வழங்கலாம்’ என்பது அதன் உள்ளடக்கம். வழங்கும் முன் இதைப் பார்த்தாக வேண்டும் என்பது 2017 செப்டம்பரிலிருந்து சான்றிதழ் நிறுவனங்களுக்குக் கட்டாயம். பதிவே இல்லாவிட்டால் யாரும் வழங்கலாம் என்று பொருள். மூன்றே நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய இந்த வரியைப் பெரும் நிறுவனங்களே எழுதாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது.

இத்தனை அறிவிப்புகளும் நம்பத்தக்கவையாக இருக்க, விடை வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி வேண்டும். 1983இன் வடிவமைப்பில் அந்த உறுதி இல்லை. ரிசால்வரின் நினைவில் பொய்யான விடையைப் புகுத்துவது எவ்வளவு எளிது என்று 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டியபின், பதிவுகளுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் ஏற்பாடு வேகம் பெற்று, 2010 ஜூலை 15 அன்று வேர் மண்டலம் கையெழுத்திடப்பட்டது. இதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆர்ஆர்சிக் என்னும் கையெழுத்துப் பதிவும், சாவிக்கு டிஎன்எஸ்கீ பதிவும், அந்தச் சாவியின் சுருக்கத்தை மேல்மண்டலத்தில் எழுதிவைக்கும் டிஎஸ் பதிவும் சேர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு நம்பிக்கைச் சங்கிலியை உண்டாக்குகின்றன. வேரின் சாவியைப் பயன்படுத்தும் சடங்கு கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும், சாட்சிகள் சூழ, ஒளிப்பதிவோடு நடத்தப்படுகிறது. கையெழுத்தில் பிழை நேர்ந்தால் விளைவு கடுமையானது: சரிபார்க்கும் ரிசால்வர்கள் விடையையே மறுத்துவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவரும் முயற்சியில் சிக்கல் வந்து டிஎஸ் பதிவை நீக்கியபோது, பழைய டிஎஸ் பதிவை 24 மணி நேரம் நினைவில் வைத்திருக்க அனுமதி பெற்றிருந்த ரிசால்வர்கள், கையெழுத்தில்லாத விடைகளை ஏற்க மறுத்துவிட்டன. பாதுகாப்புக்காக எழுதிய வரியே கதவை அடைத்த இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டே பலர் டிஎன்எஸ்செக்கை ஒத்திப்போடுகின்றனர். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

மற்ற வகைகள் பலவற்றைப் பொதுப் பயனர் சந்திக்க வாய்ப்பில்லை. சேவை எந்தக் கணினியில், எந்த வாயில் எண்ணில் நடக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்வி வகை, அலுவலக விண்டோஸ் வலையமைப்புகளிலும் இணையத் தொலைபேசியிலும் ஓசையின்றி உழைக்கிறது. கணினியின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றை எழுத 1996இல் வந்த லாக் வகை, ஏறக்குறைய வேடிக்கையாகவே நின்றுவிட்டது. கணினியின் மாதிரியையும் இயக்கமுறைமையையும் ஊருக்குச் சொல்லும் எச்இன்ஃபோ வகை, தாக்குபவருக்கு உதவும் என்பதால் கைவிடப்பட்டு, இருக்கும் எல்லாப் பதிவுகளையும் ஒரேயடியாகக் கேட்பவருக்கு மறுப்புச் சொல்லும் விடையாக 2019இல் மறுவாழ்வு பெற்றது. 2023 நவம்பரில் முறைப்படி வெளியான எச்டிடிபிஎஸ் வகைதான் புதியவற்றில் கவனத்துக்குரியது: தளம் எந்த நெறிமுறையைப் புரிந்துகொள்ளும், இணைப்பின் தொடக்கத்தை எந்தச் சாவியால் மறைக்கலாம் என்பனவற்றை உலாவி தளத்தைத் தொடுவதற்கு முன்பே அது சொல்லிவிடுவதோடு, தலைப்பெயருக்கு மறுபெயர் எழுத முடியாத பழைய குறையையும் தன் வழியில் தீர்த்துவைக்கிறது.

இவை எல்லாம் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் ஆன பெயர்களை மனத்தில் வைத்து உருவானவை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் இன்று வேர் மண்டலத்தில் இருந்தாலும், அங்கே அவை தமிழில் எழுதப்படவில்லை. எக்ஸ், என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னே வர, ப்யூனிகோட் என்னும் முறையால் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றப்பட்ட வடிவமே பதிவில் இருக்கிறது. தமிழாகக் காட்டுவது உலாவியின் வேலை. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு சொல் 63 பைட்டைத் தாண்டக்கூடாது என்னும் பழைய வரம்பு மாற்றப்பட்ட வடிவத்துக்கே பொருந்துவதாலும், ‘கோ’ போன்ற உயிர்மெய் கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகளாகக் கணக்காவதாலும், நீண்ட தமிழ்ப்பெயர் ஆங்கிலப்பெயரைவிட விரைவில் அந்த எல்லையை எட்டிவிடும். அந்தப் பெயருக்கு ஏ, எம்எக்ஸ், டெக்ஸ்ட் முதலிய எல்லாப் பதிவுகளையும் எந்த வேறுபாடும் இன்றி எழுதலாம். ஆனால் ‘@’ குறிக்கு இடப்புறத்திலும் தமிழ் எழுத்து வரும் மின்னஞ்சல் முகவரி இயங்க வேண்டுமானால், அனுப்பும் சர்வரும் வாங்கும் சர்வரும் இடையில் உள்ளவையும் அதை ஏற்கும்படி அமைந்திருக்க வேண்டும், அதற்கு டிஎன்எஸ்ஸில் எழுதக்கூடிய வரி எதுவும் இல்லை.